சாய்வாக வைத்த இம்பிளாண்ட் பல்: எங்கே தவறு செய்கிறோம்?

உசிலம்பட்டிப் பெரியப்பாவுக்குப் பல் எல்லாம் போய்விட்டது. செயற்கைப் பல் வரிசையைத் தாங்கத் தாடை எலும்புக்குள் இறக்குகிற டைட்டானியத் தண்டுதான் இம்பிளாண்ட். மதுரையில் டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, பின்பக்க இம்பிளாண்ட் இரண்டையும் சாய்த்துத்தான் வைக்க வேண்டும் என்றதும், "சாஞ்ச தூணு எத்தன நாளைக்குத் தாங்கும்?" என்று கேட்டு எழுந்து வந்துவிட்டார்.

அந்தப் பயம்தான் முதல் தவறு. பல் போன தாடையில் எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துவிடும். பின்பக்கம் மேல்தாடையில் சைனஸ் என்கிற காற்றறை, கீழ்த்தாடையில் நரம்பு, நேராக இறக்க அங்கே எலும்பு போதாது. அதனால் முன்னால் இரண்டை நேராகவும் பின்னால் இரண்டை 45 டிகிரி வரை சாய்த்தும் வைத்தால், சைனஸையும் நரம்பையும் தொடாமல் நீளமான இம்பிளாண்ட்டே போடலாம், கடைவாய்ப் பக்கமும் தாங்கல் கிடைக்கும். போர்ச்சுகல் டாக்டர் பாவ்லோ மாலோ பரப்பிய முறை இது. 10 வருடம் வரை தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில் 100க்கு 90க்கு மேல் நிலைத்திருக்கின்றன, சாய்த்ததற்கும் நேராக வைத்ததற்கும் எலும்புத் தேய்மானத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

சரி, அப்புறம் எதனால் போகிறது? பெரும்பாலும் நம் கையால்தான். ஆபரேஷன் ஆன அன்றைக்கோ ஓரிரு நாளிலோ தற்காலிகப் பல் மாட்டிவிடுவார்கள், வலியும் அடங்கிவிடும், உடனே முறுக்கும் நல்லி எலும்பும் கேட்கும். டைட்டானியத்தை எலும்பு இறுகப் பிடிக்க இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை இட்லி, குழைந்த சாதம், கஞ்சிதான். சொந்தப் பல்லின் வேரைச் சுற்றி அழுத்தத்தை உணர்கிற சவ்வு உண்டு, இம்பிளாண்ட்டுக்குக் கிடையாது, எவ்வளவு பலமாகக் கடிக்கிறோம் என்பதே சரியாகத் தெரியாது. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்கள் அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

"சொத்தை வராத பல், தேய்க்காட்டி என்ன?" என்று நினைப்பது இதைவிட மோசம். சொத்தை வராது, உண்மைதான். ஆனால் பல் வரிசைக்கும் ஈறுக்கும் நடுவில் அழுக்கு சேர்ந்து, ஈறு வீங்கி, சுற்றியுள்ள எலும்பு வலியே இல்லாமல் கரையும். வலி வந்தால்தான் டாக்டரிடம் போவேன் என்று காத்திருந்தால் பல நேரம் இம்பிளாண்ட் ஆட ஆரம்பித்திருக்கும். சின்ன பிரஷ்ஷால் அடிப்பக்கத்தைத் தினமும் சுத்தம் செய்யுங்கள், தண்ணீர் பீய்ச்சும் கருவி இருந்தால் இன்னும் நல்லது.

புகையிலையையும் பீடியையும் நிறுத்தாமல் லட்சக்கணக்கில் செலவழிக்காதீர்கள், தயவுசெய்து. சோழவந்தான் வெற்றிலையை நான் குறை சொல்லவில்லை, கூடவே வாய்க்குள் போகிற புகையிலைதான் பிரச்சினை. சர்க்கரையும் கட்டுக்குள் இருக்க வேண்டும். காசு மிச்சம் என்று சிடி ஸ்கேனை வேண்டாம் என்று சொல்லாதீர்கள், சாய்வு எத்தனை டிகிரி என்பதையே அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். எந்தக் கம்பெனி, என்ன அளவு என்று எழுதிய அட்டையைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.

பெரியப்பா கடைசியில் சம்மதித்துப் போட்டுக்கொண்டார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பஸ் ஏறி வந்துவிடுகிறார். போன தடவை பல் வரிசையைப் பிடிக்கிற ஸ்க்ரூ ஒன்று லேசாகத் தளர்ந்திருந்தது, உட்கார வைத்து அப்போதே முறுக்கிவிட்டார்கள்.