இங்க்ஜெட் பிரிண்டில் வெளிறிய கருப்பு: சரிசெய்த விதம்

பளபளப்புத் தாளில் கருப்பு சாம்பலாக, முகங்கள் சிவப்படித்து வந்தன. மைத் துளைகளைச் சோதிக்கும் நாசில் செக் அச்சில் கோடுகள் அறுபடவில்லை. அடைப்பு இல்லை, கோளாறு அமைப்புகளில்தான்.

சிவப்புக்குக் காரணம் இரட்டைத் திருத்தம். போட்டோஷாப், டிரைவர் (பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) இரண்டுமே நிறத்தை மாற்றிக்கொண்டிருந்தன. நிறப் பொறுப்பை போட்டோஷாப்பிடம் விட்டு, அந்தத் தாளுக்கும் பிரிண்டருக்கும் உரிய ஐசிசி ப்ரொஃபைலை (நிறங்கள் அதில் எப்படி விழும் என்று சொல்லும் கோப்பு) கொடுத்து, டிரைவரின் நிறத் திருத்தத்தை அணைத்ததும் தோல்நிறம் சரியானது. நிற மாற்ற முறையாக ரிலேட்டிவ் கலரிமெட்ரிக் (அச்சில் வராத நிறங்களை அருகிலுள்ள நிறத்துக்கு மாற்றுவது) வைத்தால் பிளாக் பாயின்ட் காம்பன்சேஷனையும் (படத்தின் அடர்கருப்பைத் தாளின் அடர்கருப்போடு பொருத்தும் வசதி) டிக் செய்யுங்கள். இல்லாவிட்டால் நிழல் விவரங்கள் ஒரே கருப்பாக அடைபடும்.

கருப்பின் ஆழத்துக்கு மீடியா டைப், அதாவது டிரைவரில் தேர்வுசெய்யும் தாள் வகைதான் உயிர். பிக்மென்ட் (நிறத்துகள் மை) பிரிண்டரில் எந்தக் கருப்பு மை, எவ்வளவு என்பதை அதுவே தீர்மானிக்கிறது. பளபளப்புத் தாளுக்கு போட்டோ பிளாக், மேட் (பளபளப்பற்ற) தாளுக்கு மேட் பிளாக். மாற்றிப் போட்டால் மேட் பிளாக் பளபளப்பில் பிடிக்காமல் தேய்ந்து வரும். போட்டோ பிளாக் மேட்டில் வெளிறும். மேட் தாளில் கருப்பின் அடர்த்தி (எண் கூடினால் கருமை கூடும்) பொதுவாக 1.6–1.7ல் நின்றுவிடும், நல்ல பளபளப்புத் தாள் 2.2ஐத் தாண்டும். மேட்டில் அந்த 2.2ஐத் துரத்துவது மைக்குத்தான் கேடு.

பிரிண்ட் இருட்டாகத் தெரிந்தால் மானிட்டர் வெளிச்சத்தைச் சதுர மீட்டருக்கு 100 கேண்டெலா அளவுக்கு இறக்குங்கள். பிரிண்டை ஒரு நாள் உலரவிட்டு நிறத்தைப் பாருங்கள்.