பட்ஜெட்டுக்குள் ஒரு பிரேக் பேரல் ஏர் கன்: உப்புக்காற்று ஊரில் பார்த்து வாங்குவது எப்படி?

ஏர்வாடி சந்தனக்கூட்டுக்குப் போனவர்களுக்குப் பலூன் சுடும் கடை தெரிந்திருக்கும். கடைக்காரர் துப்பாக்கியைத் தொடையில் சாய்த்துப் பேரலை மடக்குவார், பின்வாயில் ஒரு ரவையை விரலால் அழுத்துவார், நிமிர்த்தி நம் கையில் கொடுப்பார். இப்படிப் பேரலை மடக்கும் வகைக்குத்தான் பிரேக் பேரல் என்று பெயர். சின்ன வயதில் நான் குறி வைத்த பலூன் ஒருநாளும் வெடித்ததில்லை. பக்கத்துப் பலூன்தான் வெடிக்கும். அந்தக் கடுப்பிலேயே சொந்தமாக ஒன்று வாங்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

இதுவரை இரண்டு வாங்கிவிட்டேன். முதலாவது தண்டம். இரண்டாவது நன்றாக ஓடுகிறது. எப்படிக் குறி பார்ப்பது, ரவை எந்தப் பக்கமாகப் போக வேண்டும் என்பதெல்லாம் டப்பாவிலேயே படம் போட்டிருக்கும், அதற்குள் நான் போகவில்லை. நான் எங்கே சறுக்கினேனோ அங்கேதான் அதிக நேரம் நிற்கப்போகிறேன்.

முதலில் சட்டம்

4.5 மி.மீ. (0.177 அங்குலம்) பேரல் வாய், ரவை வெளியேறும்போது 20 ஜூலுக்கு மிகாத ஆற்றல். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி இந்த இரண்டு வரம்புக்குள் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம். 5.5 மி.மீ. துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டும். "ஒண்ணும் ஆகாது, எல்லாரும் வச்சிருக்காங்க" என்று யாராவது 5.5ஐ நீட்டினால் வாங்காதீர்கள்.

நான் வாங்கப்போகிறேன் என்றதும் ஊரில் மூன்று பேர் கேட்ட ஒரே கேள்வி, "கொக்கு அடிக்கலாமா?" கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நம் ராமநாதபுரம் மாவட்டத்துச் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் ராம்சார் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் ஏறிய பறவைச் சரணாலயங்கள். தனுஷ்கோடிப் பக்கம் பூநாரை வருகிறது. மன்னார் வளைகுடாவில் இருக்கும் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. பறவை, நாய், குரங்கு என்று உயிருள்ள எதையும் சுடுகிற எண்ணம் இருந்தால் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குறி வட்டம் போட்ட அட்டையைச் சுடுகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: வேகத்தைப் பார்த்து மயங்காதீர்கள்

விளம்பரத்தில் 'வினாடிக்கு 1,000 அடி' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். ரவையின் எடையைக் கிலோவில் எடுத்து, வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, பாதியாக்கினால் ஜூல் வரும். சாதாரண ஈய ரவை ஏறத்தாழ அரை கிராம். 1,000 அடி என்பது சுமார் 305 மீட்டர். கணக்குப் போட்டால் 23 ஜூலுக்கு மேல் போகிறது, அதாவது வரம்பைத் தாண்டுகிறது. அப்படியானால் அந்த 1,000 அடி ஈயமில்லாத லேசான ரவையைப் போட்டுக் காட்டிய வேகமாக இருக்கும், அல்லது துப்பாக்கியே சட்டத்துக்கு வெளியே இருக்கும். அரை கிராம் ரவைக்கு 280 மீட்டர் போனாலே 19.6 ஜூல் வந்துவிடுகிறது.

நமக்கு அவ்வளவும் வேண்டாம். ஒலிம்பிக்கில் 10 மீட்டர் போட்டிக்கு எடுத்துவரும் துப்பாக்கிகளே வினாடிக்கு 170, 175 மீட்டர்தான். 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது அந்தப் போட்டியில்தான். அட்டையில் பத்து என்ற புள்ளி அரை மி.மீ. அதைத் தொட வேகம் உதவாது. (அவர்கள் துப்பாக்கி வேறு வகை, விலையும் வேறு உலகம். அந்தப் பேச்சு நமக்கு வேண்டாம்.)

பேரலை மடக்கும்போது உள்ளே ஒரு ஸ்பிரிங் அமுங்கும், டிரிகரை இழுத்தால் அது பிஸ்டனைத் தள்ளும், அந்தக் காற்றில்தான் ரவை பறக்கும். வேகம் கூடினால் ஸ்பிரிங் தடிக்கும், மடக்குவது கஷ்டமாகும். எங்கள் ஊர் மீன் வியாபாரி ஒருவரிடம் கொக்கித் தராசு கடன் வாங்கி, பேரல் நுனியில் கயிறு கட்டி மாட்டி இழுத்துப் பார்த்தேன். என் முதல் துப்பாக்கி மடங்க 16 கிலோ கேட்டது. இரண்டாவது 10 கிலோவில் மடங்கியது. முதலாவதில் இருபது ரவைக்கு மேல் சுட்டால் தோள் விட்டுப்போகும், அப்புறம் குறி எங்கே நிற்கும்? கடையில் நின்று ஐந்து தடவை மடக்கிப் பார்க்கும்போது எல்லாமே லேசாகத்தான் தெரியும். அறுபதாவது தடவையை நினைத்து வாங்குங்கள்.

படி 2: எது வாங்கலாம்

என் பட்ஜெட் பன்னிரண்டாயிரம். அதற்குள் பிரிசிஹோல் போன்ற நம் நாட்டுத் தயாரிப்புகளைப் பார்த்தால் போதும், உதிரிபாகமும் கிடைக்கும். ஸ்பிரிங்குக்குப் பதிலாக கேஸ் வைத்த மாடலும் விற்கிறார்கள், எனக்கு அதில் நம்பிக்கையில்லை. ஸ்பிரிங் போனால் மாற்றிக்கொள்ளலாம். கேஸ் போனால் ராமநாதபுரத்தில் யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது?

தோளில் சாய்த்துப் பிடிக்கும் கட்டை மரமா, பிளாஸ்டிக்கா? கண்ணுக்கு மரம்தான் அழகு. ஆனால் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மரம் ஊதும், சித்திரையில் சுருங்கும். அந்த அசைவில் ஸ்க்ரூ தளர்ந்து குறி மாறும். கடலோரத்தில் இருந்தால் பிளாஸ்டிக்கே வாங்குங்கள்.

படி 3: கடையில் கையில் எடுத்து

இரண்டாவதை மதுரைக்குப் பஸ் ஏறிப் போய், நேரில் பார்த்து வாங்கினேன். கூரியரில் வரவழைத்தால் கீழே சொல்லும் எதையும் சோதிக்க முடியாது.

பேரலைப் பாதி மடக்கி, நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். மேலும் கீழும் வரலாம், இடம் வலமாக ஆட்டம் இருக்கவே கூடாது. மூடும்போது கச்சிதமாக ஒரே சத்தத்தில் பூட்ட வேண்டும். பேரல் நுனியில் விரல் நகத்தை ஓட்டுங்கள், பிசிறு தட்டினால் வேறு கேளுங்கள்.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மடக்கிய நிலையில் ரவை போடும்போது இன்னொரு கை பேரலைப் பிடித்தே இருக்க வேண்டும், டிரிகர் பக்கம் விரலே போகக் கூடாது. ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் கொக்கி நழுவினால் பேரல் விருட்டென்று நிமிரும். நடுவில் இருக்கும் விரல் போய்விடும்.

படி 4: வாஷர்

நான் தோற்ற இடம் இதுதான்.

பேரலை மடக்கினால் அதன் பின்வாயைச் சுற்றி ஒரு சிறிய ரப்பர் வளையம் தெரியும். கடையில் வாஷர் என்பார்கள். காற்று வெளியே கசியாமல் ரவைக்குப் பின்னால் போக அதுதான் காவல். சுற்றியிருக்கும் இரும்பைவிட அது ஒரு நூல் அளவு எழும்பி நிற்க வேண்டும்.

என் முதல் துப்பாக்கியை ராமநாதபுரத்தில் ஒருவரிடம் பழையதாக 4,000 ரூபாய்க்கு வாங்கினேன். பளபளவென்று இருந்தது. பத்து மீட்டரில் சுட்டால் ரவைகள் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறின. சில, அட்டைக்குப் பின்னால் இருந்த அட்டைப்பெட்டியைக்கூடத் துளைக்கவில்லை. என் கைதான் சரியில்லை என்று நினைத்தேன். பிறகு ரவை சரியில்லை என்று மூன்று டப்பா மாற்றினேன். கடைசியில் மச்சான் ஒருவன், "உள்ளே காஞ்சு போயிருக்கும்டா, எண்ணெய் விடு" என்றான். காற்று வரும் துளையில் தையல் மெஷின் எண்ணெய் நாலு சொட்டு விட்டேன்.

அடுத்த தடவை டிரிகரை இழுத்ததும் தீபாவளி அணுகுண்டு மாதிரி ஒரு சத்தம். நீலப் புகை, கருகிய வாடை. பக்கத்துத் தோப்பிலிருந்து ஆள் ஓடி வந்துவிட்டார்கள். அந்த வாரத்திலேயே ஸ்பிரிங் உடைந்தது.

படகு எஞ்சின் பார்க்கும் மெக்கானிக் அண்ணன் ஒருவர்தான் அதைப் பிரித்துப் பார்த்தார். "டீசல் எஞ்சின்ல பிளக்கு கிடையாது. அப்புறம் எப்படித் தம்பி பத்துது? காத்தை அழுத்துனா சூடாகும். அதேதான் இங்கேயும்" என்றார். பிஸ்டன் அழுத்திய காற்றின் சூட்டில் எண்ணெய் எரிந்திருக்கிறது. இதற்கு டீசலிங் என்றே பெயர். புதுத் துப்பாக்கியில் முதல் சில ரவைக்கு லேசாகப் புகை வரும், அது கம்பெனியில் போட்ட கிரீஸ், தானாக நின்றுவிடும். நாமாக உள்ளே எண்ணெய் விடக் கூடாது.

பிறகு அவர் அந்த ரப்பர் வளையத்தை நகத்தால் தட்டிக் காட்டினார். கல் மாதிரி இறுகி, இரும்போடு சமமாக அமுங்கிக் கிடந்தது. நான் ரவையையும் கையையும் திட்டிக்கொண்டிருந்த அத்தனை நாளும் காற்று அந்த வழியாகத்தான் போயிருக்கிறது. டீக்காசுக்குக் கிடைக்கிற வளையம்!

சோதிப்பது இப்படி. துப்பாக்கியில் ரவை போட்டு மூடுங்கள். பேரலும் உடலும் சேரும் இடுக்கின் மேல் ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரை வையுங்கள். மணல் பெட்டியைப் பார்த்துச் சுடுங்கள். பேப்பர் துள்ளினால் கசிவு. அசையாமல் கிடந்தால் நல்லது. கடைக்காரரிடமே சுட்டுக் காட்டச் சொல்லலாம், மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள். ரவை இல்லாமல் மட்டும் இழுத்துப் பார்க்காதீர்கள். எதிரே தடுக்கும் காற்று இல்லாததால் பிஸ்டன் நேராகப் போய் முட்டும்.

வரும்போது உதிரி வாஷர் இரண்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 5: பில்

அடையாள அட்டை நகல் எடுத்துப் போங்கள், கேட்பார்கள். பில்லில் துப்பாக்கியின் வரிசை எண், 4.5 மி.மீ., 20 ஜூலுக்குள் என்ற மூன்றும் இருக்கட்டும். நம்முடையது இலங்கைக்கு எதிரே இருக்கிற கடற்கரை. உச்சிப்புளியில் கடற்படை விமானதளம், வழியெல்லாம் சோதனை. உறையில் போட்டு, ரவையில்லாமல், பில் நகலோடு கொண்டுபோங்கள். கடற்கரையில் எடுத்துச் சுட்டுப் பார்க்கலாம் என்ற யோசனையே வேண்டாம்.

படி 6: வீட்டுக்கு வந்ததும்

முன்கட்டை ஸ்க்ரூவையும் டிரிகர் பக்கத்து ஸ்க்ரூவையும் இறுக்குங்கள். ஐம்பது ரவைக்கு ஒரு தடவை மறுபடியும் பாருங்கள், அதிர்வில் தளரும். தலை தட்டையான ரவையே வாங்குங்கள், அட்டையில் வட்டமாக ஓட்டை விழும், எண்ண வசதி.

பிடிக்கிற விதம் முக்கியம். ஸ்பிரிங் துப்பாக்கி முதலில் பின்னால் உதைத்து, உடனே முன்னாலும் இழுக்கும். இரண்டும் ரவை பேரலை விட்டு வெளியேறும் முன்பே தொடங்கிவிடும். இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி குதிக்கும். இடது உள்ளங்கையை விரித்து, அதன் மேல் சும்மா கிடக்க விடுங்கள். இதைச் செய்த அன்றே என் ரவைகள் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் வந்தன.

காலையிலேயே சுட்டு முடித்துவிடுங்கள். ஆடி மாதக் கச்சான் காற்று கிளம்பிவிட்டால் முதலில் அட்டை நிற்காது.

சுட்டு முடித்ததும் பேரலின் வெளிப்பக்கத்தை எண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள். எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் இடையே ஒரு தோப்புதான். ஒரே இரவு துடைக்காமல் விட்டேன், விரல் ரேகை அப்படியே துருவாகப் பதிந்திருந்தது. ஸ்பான்ஜ் வைத்த பெட்டிக்குள் பூட்டி வைக்காதீர்கள், ஈரம் உள்ளேயே நிற்கும். பழைய வேட்டித் துணியில் சுற்றி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பீரோவில் வைத்துப் பூட்டுகிறேன்.

பின்னர் சேர்த்தது

தொண்டியிலிருந்து ஒருவர், ஸ்கோப் (குறி பார்க்கும் தொலைநோக்கி) மாட்டிய இரண்டே வாரத்தில் உள்ளே குறுக்குக்கோடு கழன்றுவிட்டதாக எழுதியிருந்தார். மேலே சொன்ன அதே இருபக்க உதைதான் காரணம். சாதாரண ஸ்கோப் பின்னால் உதைப்பதைத் தாங்கும், முன்னால் இழுப்பதைத் தாங்காது. பத்து மீட்டருக்குத் துப்பாக்கியோடு வரும் இரும்புக் குறியே போதும், அந்தக் காசுக்கு ரவை வாங்குங்கள்.

மண்டபத்துக்காரர் ஒருவர் அட்டையைப் பனைமரத்தில் ஆணியடித்துச் சுட்டிருக்கிறார். ரவை திரும்பி வந்து முழங்காலில் பட்டிருக்கிறது. நல்லவேளை, கண்ணில் இல்லை. வைரம் பாய்ந்த பனை, இரும்புத் தகடு, செங்கல் எதுவும் வேண்டாம். நான் பழைய மீன் பெட்டியில் கிழிந்த சேலைகளை அடைத்து, பின்னால் மணல் மூட்டை வைத்திருக்கிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டு சுடுங்கள். ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிடாதீர்கள்.

அந்தப் பெட்டியை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை உதறுவேன். ஆயிரம் ரவைக்கு அரைக் கிலோ ஈயம் வருகிறது. போன தடவை வலைக்கு ஈயக்குண்டு வார்க்கிறவர் வந்து மொத்தமாக எடுத்துக்கொண்டு போனார். காசுக்குப் பதிலாக ஒரு கூறு ஊளி மீன் கொடுத்தார்.