நடுவில் வெளுக்கும் பெரிய ஸ்டாம்ப்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு ஒன்பது பேர் வந்திருந்தார்கள். ரப்பர் ஸ்டாம்பில் மை ஏற்றி அட்டையில் படம் பதிக்கிற ஸ்டாம்ப் வேலை பாதிப் பேருக்குப் புதிது. 6 அங்குலத்துக்கு 6 அங்குலம் அளவுள்ள தாமரைக்குளம் ஸ்டாம்பைக் கொடுத்ததும், முதலில் முயன்ற பெண் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். இரண்டு கைகளையும் கட்டையின் மேல் ஊன்றி, உடம்புப் பாரம் முழுவதையும் இறக்கினார். எடுத்துப் பார்த்தால் ஓரத்து இதழ்கள் கன்னங்கரேல் என்று இருக்கின்றன, நடுவில் இருக்க வேண்டிய பெரிய தாமரை பாதியைக் காணோம். பக்கத்தில் இருந்தவர், "இன்னும் நல்லா அழுத்துங்க" என்றார். எனக்குப் பத்து வருடத்துக்கு முந்தைய என் மேஜை அப்படியே கண்முன் வந்தது.

அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இங்க் பேடைத் திறந்தே போட்டுவிடுவது, கையில் மையோடு அட்டையைத் தொடுவது போன்றவை ஒருமுறை பட்டாலே புரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். பட்ட பிறகும் காரணம் பிடிபடாத தவறுகளைத்தான் இங்கே சொல்கிறேன்.

சின்ன ஸ்டாம்பைப் போலவே பெரியதையும் அழுத்துவது

ஸ்டாம்ப் என்றதும் நம் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது அலுவலக முத்திரைதான். பேடில் ஒரு ஒற்று, தாளில் ஒரு குத்து, வேலை முடிந்தது. பெரிய ஸ்டாம்ப் அப்படி வேலை செய்யாது. ஏன் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டால் தெரிந்துவிடும்.

உங்கள் கை 10 கிலோ பாரம் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1 சதுர அங்குலப் பெயர் ஸ்டாம்ப் என்றால் அந்த 10 கிலோவும் அந்த ஒரு சதுரத்துக்கே போகிறது. 6-க்கு 6 ஸ்டாம்பில் இருப்பது 36 சதுர அங்குலம். அதே 10 கிலோவைப் பங்கு போட்டால் ஒவ்வொன்றுக்கும் 280 கிராம்கூட வராது. சின்ன ஸ்டாம்பில் கிடைத்த அழுத்தம் இதிலும் வேண்டுமென்றால் 360 கிலோ தேவை. படம் வெறும் மெல்லிய கோடுகளாக இருந்தால், தாளைத் தொடும் ரப்பர் குறைவு என்பதால் ஓரளவு தப்பிக்கலாம். முழுக்க நிரம்பிய பின்னணி என்றால் எழுந்து நின்று அழுத்தினாலும் போதாது.

கொடுக்கிற பாரமும் சமமாக இறங்குவதில்லை. கை பிடித்திருப்பது ஓரங்களை. மேஜைப் பலகை கொஞ்சம் குழிந்திருக்கும், மரக்கட்டை லேசாக வளைந்திருக்கும். ஒரு தாள் கனத்துக்கு இடைவெளி இருந்தாலே நடு மங்கிவிடும். உடனே நாம் இன்னும் அழுத்துகிறோம். அந்தக் கூடுதல் பாரமும் ஏற்கெனவே நன்றாகப் பட்டுக்கொண்டிருக்கிற ஓரத்துக்கே போகிறது. ரப்பருக்கு அடியில் உள்ள நுரை அங்கே நசுங்குகிறது, கோடுகள் தடிக்கின்றன, பள்ளத்தில் கிடந்த மையும் தாளில் பட்டு அழுக்காகிறது. நடு மட்டும் வெளுத்தது வெளுத்தபடியே இருக்கும்.

எனக்கு இது 80 வளைகாப்பு அழைப்பிதழில் நடந்தது. கையகல மயில் ஸ்டாம்ப், 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) அட்டை. முதல் பத்துப் பன்னிரண்டில் மயிலின் கழுத்து வெளுத்தது. கட்டையைத் தரையில் வைத்து முழங்காலால் அழுத்தினேன். கழுத்து கொஞ்சம் வந்தது. ஆனால் தோகைக் கண்கள் அடைத்துக்கொண்டன. ஒவ்வொரு கண்ணுக்குள்ளும் நகக்கீறல் அளவுக்கு ஒரு வெள்ளைப் பிறை இருக்கும். அந்தப் பிறைதான் அந்த ஸ்டாம்பின் அழகே. அது ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்தது. 47 அட்டை வீணான பிறகுதான் நிறுத்தினேன். போன அட்டையை மறுபடி வாங்கிவிடலாம். ஆனால் ஸ்டாம்பின் வலது ஓரத்தில் நசுங்கிய நுரை இன்றுவரை எழவில்லை. அந்த மயில் இப்போதும் ஒரு பக்கம் சாய்வாகத்தான் பதிகிறது.

அன்றைக்குச் சாயங்காலம், அச்சகத்தில் டிரெடில் மெஷின் ஓட்டி ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டு மாமா வந்தார். கெட்டுப்போன ஒரு அட்டையை எடுத்தார். ஜன்னல் பக்கம் திரும்பி, வெளிச்சம் சாய்வாக விழுகிற மாதிரி பிடித்து, முதலில் அட்டையின் முதுகைப் பார்த்தார். விரலால் தடவினார். ஓரத்தில் மேடு தட்டியது, நடுவில் ஒன்றும் இல்லை.

"ஏம்மா, மெஷின்ல நடு எழுத்து மங்கினா நாங்க மொத்த அழுத்தத்தையும் கூட்ட மாட்டோம். கூட்டினா ஓரத்து எழுத்து தாளைக் கிழிச்சிரும். மங்கின இடத்துக்கு மட்டும் அடியில ஒரு துண்டு பேப்பர் ஒட்டுவோம்."

"எவ்வளவு கனம் மாமா?"

"டிஷ்யூ பேப்பர் கனம் போதும். பத்தலைன்னா அதுக்கு மேல இன்னொண்ணு."

நான் அத்தனை நாள் படித்த எந்தக் குறிப்பிலும் இது இல்லை. இன்றைக்கும் புதிதாக வருகிறவர்களுக்குக் கிடைக்கிற முதல் அறிவுரை "அழுத்துங்க" என்பதுதான். நல்ல ஸ்டாம்பையும் நல்ல அட்டையையும் சேர்த்துக் கெடுக்கிற அறிவுரை அது. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது.

சரி, என்னதான் செய்வது? ஸ்டாம்பைத் தாளிடம் கொண்டு போகாதீர்கள், தாளை ஸ்டாம்பிடம் கொண்டு வாருங்கள். ஸ்டாம்பை முகம் மேலே பார்க்கும்படி மேஜையில் மல்லாக்க வையுங்கள். பேடைக் கையில் எடுத்து ஸ்டாம்பின் மேல் ஒற்றி ஒற்றி மை ஏற்றுங்கள். அட்டையை எதிரெதிர் ஓரங்களில் பிடித்து லேசாக வளைத்து, நடு முதலில் தொடுகிற மாதிரி இறக்கி, பிறகு இரண்டு பக்கத்தையும் விடுங்கள். தொட்ட பிறகு நகர்த்தவே கூடாது. மேலே ஒரு சாதாரண ஜெராக்ஸ் தாளைப் போட்டு, இடது கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, வலது கை விரல்களால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்துக்கொண்டே போங்கள். இப்போது உங்கள் பாரம் முழுவதும் ஒரு நேரத்தில் ஒரு விரலகல இடத்தில் மட்டும் இறங்குகிறது. 36 சதுர அங்குலத்தையும் ஒவ்வொன்றாகச் சந்திக்கிறீர்கள். 360 கிலோ கணக்கு அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

220 ஜிஎஸ்எம் அட்டையில் கோடுகளின் மேடு விரலுக்கே தட்டுப்படும். 300-இல் அவ்வளவு தெரியாது, அதனால் வரிசை தவறாமல் தேய்க்க வேண்டும். ரப்பர் உருளை இருந்தால் இன்னும் நல்லது. சப்பாத்திக் கட்டையை எடுப்பதாக இருந்தால், நடுவில் பருத்து ஓரத்தில் சூம்பியது வேண்டாம். நேரான கட்டையாகப் பாருங்கள்.

இன்னொரு லாபமும் உண்டு. எடுப்பதற்கு முன் ஒரு மூலையை மட்டும் மெதுவாகத் தூக்கிப் பார்க்கலாம். மங்கலாக இருந்தால், மறுபாதியை அழுத்திப் பிடித்துக்கொண்டு தூக்கிய பக்கத்தை அப்படியே இறக்கி இன்னொரு முறை தேய்க்கலாம். பதிவு இரட்டிக்காது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரே இடம் மங்கினால் மாமா சொன்னதைச் செய்யுங்கள். மங்கிய இடத்தின் வடிவத்தில் டிஷ்யூ பேப்பரைக் கிழித்து, ஸ்டாம்பின் அடியில் அந்த இடத்துக்கு நேராக ஒட்டுங்கள். கத்தரியால் வெட்டாமல் கையால் கிழித்தால் ஓரம் மெலிந்திருக்கும், பதிவில் எல்லை தெரியாது. இது நுரையோடு கூடிய ரப்பர் ஷீட்டுக்குப் பொருந்தும். தடித்த மரக்கட்டையில் ஒட்டிய ஸ்டாம்ப் என்றால் துண்டை மேலே போடும் ஜெராக்ஸ் தாளின் அடிப்பக்கம் ஒட்டிக்கொள்ளுங்கள்.

மின்விசிறிக்கு அடியில் உட்காருவது

சாய மை தாளுக்குள் ஊறிச் சீக்கிரம் காயும். மெமென்டோ போன்ற பேடுகள் இந்த வகை. அதுதான் அதன் நன்மை, பெரிய ஸ்டாம்பில் அதுவே தொல்லை. இந்த மூலையிலிருந்து ஒற்றத் தொடங்கி அந்த மூலைக்குப் போய்ச் சேர்வதற்குள், ஆரம்பித்த இடம் காய்ந்துவிடும். சித்திரை வெயிலில் மின்விசிறி முழு வேகத்தில் சுழலும்போது கேட்கவே வேண்டாம். பலர் இதை அழுத்தக் குறை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அழுத்தக் குறை என்றால் நடுவோ ஒரு பக்கமோ திட்டாக மங்கும். மை காய்ந்தது என்றால், நீங்கள் முதலில் ஒற்றிய மூலையிலிருந்து படிப்படியாகத் தேறிக்கொண்டே வரும். கெட்டுப்போன இரண்டு அட்டைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

விசிறியை இரண்டு நிமிடம் நிறுத்துங்கள். அட்டையை இறக்கும் முன், கண்ணாடியைத் துடைக்க ஊதுவோமே அப்படி வாயைத் திறந்து ஸ்டாம்பின் மேல் ஒருமுறை ஊதுங்கள். அந்த ஈரத்தில் சாய மை மறுபடி உயிர் பெறும். வெர்சாஃபைன் போன்ற நிறமி மைக்கு இது தேவையில்லை, அது மெதுவாகத்தான் காயும். நுணுக்கமான பெரிய படத்துக்கு நான் எடுப்பது அதைத்தான்.

ஸ்டாம்பைப் பேடில் அமுக்குவது

பேட் சிறியது, ஸ்டாம்ப் பெரியது. பேட்தான் வர வேண்டும்.

ஒற்றும்போது ஒரு சுற்று நேராக, அடுத்த சுற்று பேடைக் குறுக்கே திருப்பி. இல்லாவிட்டால் பேடின் விளிம்பு கட்டம் கட்டமாக அச்சில் தெரியும்.

புது ஸ்டாம்பை அப்படியே எடுத்துப் பதிப்பது

அச்சில் ஒட்டாமலிருக்க, வார்க்கும்போது பூசிய பொருள் புது ஸ்டாம்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத படலமாக நிற்கும். மை பரவாமல், வாழை இலையில் தண்ணீர் மாதிரி முத்து முத்தாகத் திரளும். பதித்தால் அம்மைத் தழும்பு போலப் புள்ளி புள்ளியாக வெள்ளை விழும். பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பரால் முகம் முழுக்க ஒருமுறை தேய்த்து, துகளைத் தட்டிவிடுங்கள். கண்ணாடி போல ஊடுருவித் தெரிகிற பாலிமர் ஸ்டாம்புக்கும் இதுவே போதும். உப்புத்தாள் போடச் சொல்கிறவர்கள் உண்டு. கோடு மெல்லியதாக இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

அட்டையின் பளபளப்பையும் அழகையும் நம்புவது

பளபளக்கும் ஆர்ட் கார்டில் நிறமி மை காயாமல் நிற்கும், கை பட்டால் இழுவும். புதுச்சேரிக் கைவினைக் காகிதம் பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் அதன் மேடு பள்ளத்தில் பெரிய ஸ்டாம்ப் முழுதாகப் பதியாது. அதில் சின்னப் படம் போடுங்கள். பெரியதற்குப் பூச்சில்லாத, மழமழப்பான, கனத்த அட்டைதான் சரி.

ஸ்டாம்ப் மேடை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பது

மிஸ்டி போன்ற ஸ்டாம்ப் மேடை நல்ல கருவி. அட்டை காந்தத்தில் நகராமல் நிற்கும், ஸ்டாம்ப், கீலில் திறந்து மூடும் மேல் கதவில் ஒட்டியிருக்கும். முதல் பதிவு மங்கினால் மறுபடி மை ஏற்றி அதே இடத்தில் பதிக்கலாம். ஆனால் அடியில் இருக்கும் நுரை அட்டை மெல்லிய பாலிமர் ஸ்டாம்புக்கானது. தடித்த சிவப்பு ரப்பரைப் போடும்போது அதை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் கதவு சமமாக மூடாது, கீல் பக்கம் அழுத்தமாகவும் எதிர்ப்பக்கம் வெளுப்பாகவும் வரும். மூடிய பிறகும் உள்ளங்கையால் ஒரே அமுக்காக அமுக்காமல், பகுதி பகுதியாகத் தேய்த்துக் கொடுங்கள்.

மரக்கட்டையைத் தண்ணீரில் ஊறப் போடுவது

பசை விட்டுவிடும். ஈரத்துணியால் துடையுங்கள், வெயிலில் காயவைக்காதீர்கள்.

மழை நாளில் அடுக்கி வைப்பது

ஐப்பசி, கார்த்திகையில் காற்றே ஈரமாக இருக்கும். நிறமி மை தொட்டால் ஒட்டாத மாதிரி தெரியும், ஒன்றன் மேல் ஒன்று அடுக்கினால் மேல் அட்டையின் முதுகில் மயில் இறங்கிவிடும். நான் கூடத்தில் பழைய பாயை விரித்து எல்லா அட்டைகளையும் தனித்தனியாகப் பரப்பி, இரவு அப்படியே விட்டுவிடுவேன். காலையில் மை அதிகம் ஏறிய ஓர் அட்டையை எடுத்து, அதன் மூலையில் கட்டைவிரலை வைத்து லேசாக இழுத்துப் பார்ப்பேன். விரலில் கறுப்பு ஏறாவிட்டால்தான் உறைக்குள் போடுவேன்.