கொக்கோடா டிராக் போறீங்களா? சின்ன குரூப்பா போங்க, ஆளுக்கு ஒரு போர்ட்டர் வெச்சுக்கோங்க

பப்புவா நியூ கினியில தலைநகர் போர்ட் மோர்ஸ்பி பக்கம் ஓவர்ஸ் கார்னர்ல ரோடு முடியுது, அங்கருந்து ஓவன் ஸ்டான்லி மலைத்தொடரைத் தாண்டி கொக்கோடா ஊர் வரைக்கும் 96 கிலோமீட்டர் ஒத்தையடிப் பாதை. 96 தானேன்னு நினைக்காதீங்க, சமதரை ரொம்பக் கம்மி, ஏறணும் இறங்கணும் ஆத்தைத் தாண்டணும் மறுபடி ஏறணும், இப்படியே 8லருந்து 10 நாள் போயிடும். உச்சி பெல்லமி மலை, சுமார் 2190 மீட்டர்.

இரண்டாம் உலகப் போர்ல, 1942 ஜூலைல வடக்குக் கரையில இறங்குன ஜப்பான் படை போர்ட் மோர்ஸ்பியைப் பிடிக்க இந்தப் பாதைலதான் வந்துச்சு. அப்ப இந்தப் பகுதியை ஆண்டுக்கிட்டிருந்த ஆஸ்திரேலியாக்காரங்க சண்டை போட்டுக்கிட்டே பின்வாங்கி இமிட்டா மேடு வரைக்கும் வந்துட்டாங்க, ஜப்பான்காரங்க எதிர்ல இருக்கிற இயோரிபைவா மேடு வரைக்கும் வந்து சோறு இல்லாம, சப்ளை இல்லாம திரும்ப வேண்டியதாச்சு. நவம்பர் 2ம் தேதி கொக்கோடா மறுபடி ஆஸ்திரேலியா கைக்கு வந்துச்சு. கிளம்புறதுக்கு முன்னாடி இதை குரூப்ல எல்லாரும் படிச்சிடுங்க, இல்லைன்னா வெறும் சேத்துல நடந்துட்டு வர்ற மாதிரிதான் ஆகும்.

எந்தப் பக்கத்துலருந்து ஆரம்பிக்கிறதுன்னு எல்லாரும் கேப்பாங்க. நான் சொல்றது கொக்கோடாவுக்கு குட்டி பிளேன்ல போயிட்டு அங்கருந்து தெற்கே நடங்க. முதல் சண்டைகள் நடந்த வரிசையிலயே இடங்கள் வரும், அதோட மலைல மேகம் மூடி பிளேன் லேட்டானாலும் அது ஆரம்பத்துலயே நடந்துடும், கடைசி நாள் கொக்கோடால மாட்டிக்கிட்டு ஊருக்குப் போற ஃபிளைட்டை விட வேண்டாம்.

குரூப் ஆறிலருந்து எட்டு பேர் போதும். பெரிய குரூப்னா மெதுவா நடக்கிறவங்க பின்தங்கிடுவாங்க, அவங்க வந்து சேர்றதுக்குள்ள முன்னாடி போனவங்க ரெஸ்ட் எடுத்து முடிச்சு கிளம்பிடுவாங்க, பாவம் அவங்களுக்கு ரெஸ்ட்டே கிடைக்காது. அதனால மெதுவா நடக்கிறவரை முன்னாடி விடுங்க, அவர் வேகம்தான் எல்லார் வேகமும், இதை ஊர்லயே பேசி ஒத்துக்கிட்டு வாங்க. லைசென்ஸ் உள்ள டிரெக் ஆபரேட்டர் மூலமாத்தான் போங்க, பர்மிட் அவங்க எடுப்பாங்க, ஆனா சாட்டிலைட் ஃபோன் இருக்கா, ஹெலிகாப்டர் வர வேண்டி வந்தா என்ன ஏற்பாடுன்னு நீங்களே கேளுங்க. உங்க இன்சூரன்ஸ்ல ஹெலிகாப்டர் செலவு கவர் ஆகுதான்னும் பாருங்க.

போர்ட்டர் விஷயத்துல மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீங்க. போர் நேரத்துல குண்டடி பட்டவங்களை ஸ்ட்ரெச்சர்ல வெச்சு இதே சரிவுல இறக்கிக் கொண்டுவந்தது இந்த நாட்டு ஜனங்கதான், அதுல நிறைய பேரை வலுக்கட்டாயமா வேலைக்கு எடுத்தாங்க. இன்னைக்கு உங்க பையைத் தூக்குறவர் அவங்க பேரனாவோ கொள்ளுப்பேரனாவோ இருக்கலாம். ஆத்துக்குக் குறுக்கே வழுக்குற மரக்கட்டை மேல நீங்க கால் வைக்கும்போது அவர் வெறுங்காலோட தண்ணில இறங்கி உங்க பை ஸ்ட்ராப்பைப் பின்னாடி பிடிச்சுக்குவார், நீங்க தடுமாறுனப்புறம் இல்ல, அதுக்கு முன்னாடியே. அவருக்கு சரியான சம்பளம், சாப்பாடு, ராத்திரி போர்வை, மேட் எல்லாம் ஆபரேட்டர் குடுக்கிறாரான்னு புக் பண்றதுக்கு முன்னாடி கேளுங்க. பதில் மழுப்பலா வந்தா வேற ஆபரேட்டரைப் பாருங்க.

ஏப்ரல்லருந்து அக்டோபருக்குள்ள போங்க, மழை கொஞ்சம் கம்மி, ஆனா மழை இல்லாத காடு கிடையாது. மலேரியா உள்ள ஏரியா, மாத்திரை போறதுக்கு முன்னாடியே ஆரம்பிக்கணும், டாக்டரைப் பாருங்க, அப்படியே இதயத்தையும் செக் பண்ணிக்கோங்க, இந்தப் பாதைல டிரெக்கர்ஸ் இறந்திருக்காங்க. பிராக்டீஸுக்கு மாடிப்படி ஏறுறதை விட இறங்குறதுதான் முக்கியம், முட்டி அங்கதான் போகும். சாக்ஸ் ஒரு ஜோடி தூங்குறதுக்கு மட்டும்னு பிளாஸ்டிக் கவர்ல கட்டி வைங்க, பகல்ல எவ்ளோ ஆசையா இருந்தாலும் அதைத் தொடாதீங்க. மகுலி மலைல உச்சி வந்துடுச்சுன்னு நினைப்பீங்க, அதுக்கு மேல இன்னொண்ணு இருக்கும், அப்புறம் இன்னொண்ணு, அதனால இன்னும் எவ்ளோ தூரம்னு கேக்குறதையே விட்டுடுங்க. ஆத்துத் தண்ணியை மாத்திரை போட்டுதான் குடிங்க, ஓ.ஆர்.எஸ் பாக்கெட் நிறைய வேணும்.

பாதையோரக் கிராமங்கள் நிறைய ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட்ங்கிற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவை, சனிக்கிழமை ஓய்வு நாள், பிளான் போடும்போதே ஆபரேட்டர்கிட்ட பேசிடுங்க. கீனா (அந்த ஊர் பணம்) சின்ன நோட்டா வெச்சிருங்க, வாழைப்பழம், பேஷன் ஃப்ரூட் கிடைக்கும், சில இடத்துல துருப்பிடிச்ச ஹெல்மெட், தோட்டா எல்லாம் பரப்பி வெச்சிருப்பாங்க, காசு குடுத்துப் பாருங்க, ஆனா எதையும் எடுத்துட்டு வராதீங்க, சட்டப்படி குத்தம். காட்டுக்குள்ள கிடக்கிறதைத் தொடவே தொடாதீங்க, வெடிக்காத குண்டு இன்னும் இருக்கு.

பெரிய சண்டை நடந்த இசுராவால அவசரப்படாதீங்க, முடிஞ்சா அங்கயே ஒரு ராத்திரி தங்குங்க. அங்க நினைவிடத்துல நாலு கருங்கல் தூண்ல துணிச்சல், தாங்குசக்தி, தோழமை, தியாகம்னு அர்த்தம் வர்ற ஆங்கில வார்த்தைகள் செதுக்கியிருக்கு. 1942 ஆகஸ்ட் 29ம் தேதி ஆஸ்திரேலியச் சிப்பாய் புரூஸ் கிங்ஸ்பரி பிரென் கன்னுங்கிற இயந்திரத் துப்பாக்கியை இடுப்புலருந்து சுட்டுக்கிட்டே முன்னேறி ஓடி, ஜப்பான் ஸ்னைப்பர் குண்டுக்கு இறந்தது இங்கதான், இறந்தப்புறம் வீரத்துக்கான உச்ச விருதான விக்டோரியா கிராஸ் குடுத்தாங்க. நடந்து முடிச்சுட்டு போர்ட் மோர்ஸ்பி திரும்புற வழில பொமானா போர்க் கல்லறைத் தோட்டத்துல அவர் பேரைத் தேடிப் பாருங்க.

கடைசியா, ஷூ நல்ல நிலைமைல இருந்தா போர்ட்டர்கிட்ட அளவு கேட்டுக் குடுத்துட்டு வாங்க. ஆஸ்திரேலியா வழியா திரும்புறவங்க ஷூவைக் கொண்டுவந்தா சேறு ஒரு துளி இல்லாம தேய்ச்சுக் கழுவிடுங்க, குவாரன்டைன்ல கண்டிப்பா பாப்பாங்க.