எட்ஜ் நோடு களவு போனாலும் கிளவுட் பிழைக்க வேண்டும்: பூட்டும் முறை

கிளவுடில் ஓடும் சர்வரை யாரும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போக முடியாது. எட்ஜில், அதாவது வேலை நடக்கும் இடத்திலேயே இருக்கும் கணினிப் பெட்டியை (நோடு) கொண்டுபோகலாம். தொழிற்சாலைச் சுவர், டவரின் அடிப்பகுதி, கிடங்கின் பின்னறை, லாரி கேபின் என்று அது எங்கெங்கோ தொங்கும். ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். அதனால் குபர்நெட்டிஸ் (பல கணினிகளில் கன்டெய்னர் ஆப்களை ஓட்டும் மென்பொருள்) கொண்டு இரண்டையும் இணைத்து வொர்க்லோடு ஓட்டுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது: இந்த ஒரு நோடு காணாமல் போனால், கூடவே வேறு என்னென்ன போகும்? "அந்தப் பெட்டி மட்டும்தான்" என்று பதில் வரும்வரை வேலை பாக்கி இருக்கிறது.

ஒரு நோடைத் தேர்ந்தெடுத்து, அதன் வட்டில் இருக்கும் ஒவ்வொரு சாவியையும் டோக்கனையும் பாஸ்வேர்டையும் எழுதுங்கள். பக்கத்திலேயே அது எந்தக் கதவைத் திறக்கும், அதே சாவி வேறு எத்தனை நோடுகளில் இருக்கிறது என்றும் குறியுங்கள். எல்லா இடத்துக்கும் பொதுவான ரெஜிஸ்ட்ரி (ஆப் இமேஜ்களின் கிடங்கு) பாஸ்வேர்டு, பேக்கப் சாவி, நிறுவிய நாளில் யாரோ விட்டுப்போன கிளஸ்டர் (சேர்ந்து இயங்கும் நோடுகளின் தொகுப்பு) அட்மின் குபெகான்ஃபிக் (கிளஸ்டருக்குள் நுழையும் விவரக் கோப்பு) ஆகிய மூன்றும் வழக்கமாகச் சிக்கும்.

கிளஸ்டரை இழுத்து நீட்டாதீர்கள்

கிளஸ்டரின் நிலையைச் சேமிக்கும் தரவுத்தளமான எட்சிடி ஒன்றை கிளவுடுக்கும் எட்ஜுக்கும் நடுவே விரிக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். அதன் இயல்பு ஹார்ட்பீட் (லீடர் உயிரோடிருப்பதைச் சொல்லும் துடிப்பு) 100 மில்லிசெகண்ட், எலெக்‌ஷன் டைம்அவுட் 1000 மில்லிசெகண்ட். மொபைல் இணைப்பில் இது தாங்காது. லீடர் மாறிக்கொண்டே இருக்கும். பாதுகாப்புக் காரணம் இன்னும் பெரியது: கிளஸ்டரை ஆளும் கன்ட்ரோல் பிளேன் நோடில், சான்றிதழ் வழங்கும் சிஏ-வின் பிரைவேட் சாவி இருக்கும். அந்த நோடு களவு போனால் திருடனே சான்றிதழ் அச்சடிக்கலாம்.

மிஞ்சுவது இரண்டு வழிகள். ஒவ்வொரு இடத்துக்கும் தனிச் சிறு கிளஸ்டர், அதற்குத் தனி சிஏ. அல்லது கன்ட்ரோல் பிளேன் கிளவுடில், எட்ஜ் நோடுகள் வெறும் வொர்க்கர்கள். இணைப்பு அடிக்கடி அறுகிற இடத்துக்கு முதலாவதே சரி.

வொர்க்கராகச் சேர்த்தால், நோடின் உரிமைகளுக்கு வேலி போடும் நோட் ஆத்தரைசரும் நோட்ரெஸ்ட்ரிக்‌ஷனும் இயங்குகின்றனவா என்று பாருங்கள். அவை இருந்தால் ஒரு குபெலெட் (நோடில் ஓடும் குபர்நெட்டிஸ் ஏஜென்ட்), தன் நோடில் ஓடும் பாடுகளுக்கு (பாட்: கன்டெய்னர் தொகுப்பு) உரிய சீக்ரெட்டுகளை (சேமித்த பாஸ்வேர்டு, சாவி போன்றவை) மட்டுமே படிக்க முடியும். இந்த வேலியில் ஓட்டை போடுவது டீமன்செட்டுகள். லாக் சேகரிப்பான், மானிட்டரிங் ஏஜென்ட், நெட்வொர்க் பிளகின் ஆகியவை எல்லா நோடிலும் ஓடும். அவற்றின் சர்வீஸ் அக்கவுன்டுக்கு எல்லா நேம்ஸ்பேஸிலும் (கிளஸ்டரின் உட்பிரிவு) சீக்ரெட் படிக்கும் உரிமை இருந்தால், ஒரு எட்ஜ் பெட்டியைத் திறந்தவன் மொத்த கிளஸ்டரையும் திறந்துவிடுகிறான். ஒவ்வொரு டீமன்செட்டின் கிளஸ்டர்ரோலையும் (உரிமைப் பட்டியல்) கையால் பாருங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் இதில் கிடைக்கும் பலன் வேறெதிலும் கிடைக்காது.

வட்டு

லினக்ஸின் லக்ஸ்2 கொண்டு வட்டை என்கிரிப்ட் செய்து, சாவியை டிபிஎம் 2.0-இல் (சாவி காக்கும் பாதுகாப்புச் சில்) பிசிஆர் 7-உடன் (கையொப்பமிட்டதை மட்டும் பூட் செய்யும் செக்யூர் பூட்டின் நிலையைக் குறிக்கும் பதிவு) கட்டுங்கள். சிஸ்டம்டி-கிரிப்ட்என்ரோல் என்ற கட்டளை இதற்குப் போதும். பிசிஆர் 0-ஐயும் சேர்த்தால் இன்னும் பலம் என்று தோன்றும். ஆனால் ஃபர்ம்வேர் மாறியவுடன் அந்த மதிப்பு மாறும்; நோடு பூட் ஆகாமல், திரையே இல்லாத பெட்டியில் பாஸ்ஃப்ரேஸ் கேட்டு நிற்கும். செக்யூர் பூட்டின் தடைப்பட்டியல் புதுப்பிக்கப்பட்டால் பிசிஆர் 7-கூட மாறும். அதனால் ஒவ்வொரு பெட்டிக்கும் தனி ரெகவரி சாவி உருவாக்கி, கிளவுட் வால்ட்டில் வைத்த பிறகே பெட்டியை அனுப்புங்கள்.

பிசிஆர் 7 மட்டும் என்றால் இன்னொரு ஓட்டை: என்கிரிப்ட் ஆகாத பூட் பகுதியில் கையொப்பமில்லாத இனிட்ராம்எஃப்எஸ் (பூட்டின் தொடக்கத்தில் ஏறும் சிறு ஃபைல் தொகுப்பு) இருந்தால் அதை மாற்றிவைக்கலாம், டிபிஎம் பேசாமல் சாவியைக் கொடுத்துவிடும். கெர்னல், இனிட்ராம்எஃப்எஸ், கெர்னல் கட்டளை வரி மூன்றையும் ஒரே ஃபைலாக்கி, உங்கள் சொந்த சாவியால் கையொப்பமிடுங்கள். தனிச் சில்லாக இருக்கும் டிபிஎம்மில், சாவி போகும் தடத்தில் கம்பி வைத்துக் கேட்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். ஆள் இருக்கும் இடம் என்றால் ஒரு பின் எண் சேர்ப்பது நல்லது.

அடையாளம்

எல்லாப் பெட்டிக்கும் ஒரே இமேஜ், அந்த இமேஜுக்குள் ஒரே ஜாயின் டோக்கன் (சேர்வதற்கான அனுமதிச் சீட்டு): இதுதான் அதிகம் நடக்கும் தவறு. அதற்குப் பதில், அனுப்பும் முன்பே ஒவ்வொரு டிபிஎம்மின் எண்டார்ஸ்மென்ட் சாவியையும் (அந்தச் சில்லுக்கே உரிய அடையாளச் சாவி) பதிவு செய்து, அதைக் காட்டினால்தான் சேரலாம் என்று வையுங்கள். டோக்கன் வழிதான் என்றால் ஒரு பெட்டிக்கு ஒன்று, ஒருமுறை மட்டும்.

சேர்ந்த பிறகு சர்வீஸ்களுக்குக் குறுகிய ஆயுள் சான்றிதழ் கொடுங்கள். சர்வீஸ்களுக்கு அடையாளம் வழங்கும் மென்பொருளான ஸ்பையரில் எக்ஸ்.509 சான்றிதழின் இயல்பு ஆயுள் 1 மணி நேரம். பாதி ஆயுளில் புதுப்பிக்கும். இது கிளவுடுக்குப் பொருந்தும். 8 மணி நேரம் இணைப்பில்லாமல் தவிக்கக்கூடிய இடத்தில் 1 மணி நேரச் சான்றிதழ் என்றால் உள்ளூர் சர்வீஸ்கள் ஒன்றோடொன்று பேசுவதையே நிறுத்திவிடும். அங்கே ஸ்பையர் சர்வர் ஒன்றை உள்ளூரிலேயே கீழ்நிலையாக வைக்கலாம், அல்லது ஆயுளை 24 மணி நேரமாக்கலாம். நீட்டும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கும் சேர்த்துத்தான். ரத்துப் பட்டியலை நம்பி நீண்ட ஆயுள் கொடுக்காதீர்கள். இணைப்பில்லாத நோடுக்கு அந்தப் பட்டியல் போய்ச்சேராது.

கடிகாரம் கெடுத்தால்

பலரைச் சுற்றலில் விடும் கோளாறு இது. மின்தடைக்குப் பிறகு நோடு எழுந்துவிட்டது, இணையம் இருக்கிறது, பிங் போகிறது. மையச் சர்வரான ஹப்புக்குப் போகும் வயர்கார்டு (விபிஎன்) டனல் மட்டும் எழவில்லை. சாவிகள் சரி, போர்ட் சரி, ஹப்பில் ஒரு பதிலும் இல்லை.

போர்டின் ஆர்டிசி (மின்சாரம் இல்லாதபோதும் ஓடும் கடிகாரம்) பேட்டரி தீர்ந்திருக்கும், அல்லது ஆர்டிசியே இருக்காது. கடிகாரம் 1970-க்கோ இமேஜ் உருவாக்கிய நாளுக்கோ போயிருக்கும். டிஎல்எஸ் (சான்றிதழ் பார்த்து இணையும் முறை) என்றால் "சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று வாய் திறந்து சொல்லும். வயர்கார்டு சொல்லாது. அதன் ஹேண்ட்ஷேக் செய்தியில் நேரமுத்திரை ஒன்று இருக்கிறது. கடைசியாகப் பார்த்ததைவிடப் பழைய முத்திரை வந்தால், பழைய பாக்கெட்டைத் திருப்பி அனுப்பும் தாக்குதல் என்று எடுத்துக்கொண்டு ஹப் பேசாமல் தூக்கியெறியும். நெட்வொர்க் வழியே நேரம் வாங்கும் என்டிபி-யும் அந்த டனல் வழியாகத்தான் என்று அமைத்திருந்தால் முடிச்சு இறுகிவிட்டது: நேரம் வர டனல் வேண்டும், டனல் எழ நேரம் வேண்டும்.

என்டிபி-யை டனலுக்கு வெளியே விடுங்கள். என்டிபி மென்பொருளான க்ரோனியில் "மேக்ஸ்டெப் 1 3" வைத்தால், முதல் மூன்று அளவீடுகளில் 1 செகண்டுக்கு மேல் பிழை இருந்தால் ஒரே தாவலில் சரிசெய்யும். நேரம் சரியான பிறகே டனல் எழட்டும். ஷட்டவுன் நேரத்தைச் சேமித்து அங்கிருந்து தொடங்கும் ஏற்பாடும் வேண்டும். அவசரத்துக்கு ஹப்பில் அந்தப் பியரை (அந்த நோடின் பதிவை) நீக்கி மறுபடி சேர்த்தால் பழைய முத்திரை மறந்துபோய் உடனே இணையும்.

வெறும் என்டிபி-க்குச் சான்று கிடையாது. கடிகாரத்தைப் பின்னே தள்ளிக் காலாவதியான சான்றிதழுக்கு உயிர் கொடுக்கலாம். அதனால் என்டிஎஸ் (சான்றுள்ள என்டிபி) பயன்படுத்துங்கள், டிசிபி 4460 வெளியே போக வேண்டும். என்டிஎஸ்-உம் டிஎல்எஸ்-தான், அதற்கும் நேரம் வேண்டும்! முதல் புதுப்பிப்புக்கு மட்டும் சான்றிதழின் தேதியைப் பார்க்காதே என்று க்ரோனியில் சொல்ல முடியும்.

நெட்வொர்க்

எட்ஜ் பக்கம் உள்ளே வரும் போர்ட் எதையும் திறக்க வேண்டாம். நோடுதான் ஹப்பை அழைக்கும். வயர்கார்டின் வழக்கமான போர்ட் யுடிபி 51820. முகவரி மாற்றும் ரூட்டருக்கு (என்ஏடி) பின்னால் இருக்கும் நோடில் பெர்சிஸ்டென்ட் கீப்அலைவ் (இணைப்பை உயிரோடு வைக்கும் பாக்கெட்) 25 செகண்ட் வையுங்கள். ஹப்பில் ஒவ்வொரு பியருக்கும் /32 (ஒற்றை) முகவரி ஒன்று மட்டும். நோடிலிருந்து நோடுக்குப் போகும் ட்ராஃபிக்கை ஹப்பிலேயே தடுத்துவிடுங்கள்.

பிங் போகிறது, சிறு கோரிக்கைகள் போகின்றன, இமேஜ் இறக்கும்போது பாதியில் தொங்குகிறது என்றால் எம்டியு-வை (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) சந்தேகியுங்கள். வயர்கார்டு 1420 என்று வைத்துக்கொள்ளும். மொபைல் இணைப்பில் 1280-க்கு இறக்கிப் பாருங்கள். அதன்மேல் விஎக்ஸ்லேன் (நெட்வொர்க்மேல் ஓடும் இன்னொரு நெட்வொர்க்) ஓடினால் இன்னும் 50 பைட் குறையும்.

கிளஸ்டருக்கான கட்டளைகளை வாங்கும் ஏபிஐ சர்வரின் போர்ட் 6443 டனல் வழியாக மட்டும். கிளவுட் எட்சிடியின் 2379, 2380 எந்த எட்ஜ் நோடுக்கும் தெரியவே கூடாது. குபெலெட்டின் 10250-க்கு கன்ட்ரோல் பிளேனிலிருந்து மட்டும் அனுமதி. அதன் படிக்க மட்டுமான 10255 மூடியிருக்கட்டும். எழுதிவைத்ததை நம்பாமல் வெளியிலிருந்து என்மேப் (திறந்த போர்ட் தேடும் கருவி) ஓட்டுங்கள்.

கிளஸ்டருக்குள் நெட்வொர்க்பாலிசி (பாடுகளின் ட்ராஃபிக்குக்கான விதி) இல்லாவிட்டால் எல்லாரும் எல்லாரோடும் பேசலாம். உள்ளே, வெளியே இரண்டுக்கும் முழுத்தடை போட்டு, தேவையானதை மட்டும் திறங்கள். தடை போட்ட மறுநிமிடம் ஆப்கள் டைம்அவுட் ஆகத் தொடங்கும்; டிஎன்எஸ்-ஐ மறந்திருப்பீர்கள். யுடிபி 53, டிசிபி 53 இரண்டையும் திறக்க வேண்டும். நெட்வொர்க் பிளகின்களில், தனியாக ஓடும் ஃப்ளானல் பாலிசியை அமல்படுத்தாது; ஏபிஐ சர்வர் ஃபைலை ஏற்றுக்கொள்ளும், பிழையும் வராது, தடையும் இருக்காது. கேலிகோ, சிலியம் போன்றவை வேண்டும். தடுத்த முகவரிக்கு ஒரு பாடிலிருந்து இணைந்து பாருங்கள், தோற்றால்தான் பாலிசி வேலை செய்கிறது.

கிளவுட் பக்கம் 169.254.169.254 என்ற மெட்டாடேட்டா முகவரிக்கு (நோடின் கிளவுட் உரிமைச் சாவிகள் கிடைக்கும் இடம்) பாடுகள் போகக் கூடாது. அமேசானில் ஐஎம்டிஎஸ்வி2-ஐ (டோக்கன் கேட்கும் மெட்டாடேட்டா சேவை) கட்டாயமாக்கி ஹாப் எண்ணிக்கையை (பதில் தாண்டக்கூடிய நெட்வொர்க் படிகள்) 1 ஆக்குங்கள்.

இமேஜ், பாட், சீக்ரெட்

டேகை (மாற்றக்கூடிய பெயர்) நம்பாமல் எஸ்எச்ஏ-256 டைஜெஸ்ட்டால் (உள்ளடக்கத்தின் கைரேகை) இமேஜைக் குறிப்பிடுங்கள். காஸைன் என்ற கருவியால் கையொப்பமிட்டு, எட்ஜில் பப்ளிக் சாவியை உள்ளூரிலேயே வைத்துச் சரிபாருங்கள். இணைப்பு அறுந்த நேரத்தில் வெளிப் பதிவேட்டைக் கேட்க முடியாது. பாடுகளுக்கு ரெஸ்ட்ரிக்டெட் நிலை (குபர்நெட்டிஸின் மிகக் கண்டிப்பான பாட் விதி), ரூட் இல்லை, டாக்கர் சாக்கெட் மவுன்ட் ஒருபோதும் இல்லை. 2024 ஜனவரியில் வெளியான, கன்டெய்னர்களை இயக்கும் ரன்சியின் ஓட்டை (சிவிஇ-2024-21626) கன்டெய்னரிலிருந்து ஹோஸ்ட்டுக்குத் தாவ விட்டது, 1.1.12-இல் சரியானது. கிளவுட் நோடுகளுக்கு இப்படிப்பட்ட திருத்தம் சீக்கிரம் போய்விடும், எட்ஜ் பெட்டிகள்தான் மாதக்கணக்கில் கிடக்கும். இரட்டைப் பார்ட்டிஷன் வைத்து, புதியது எழாவிட்டால் பழையதற்குத் தானே திரும்பும்படி செய்யுங்கள். ஆனால் ஓட்டையுள்ள பதிப்புக்குக் கீழே திரும்பக் கூடாது என்று குறைந்தபட்சப் பதிப்பும் குறியுங்கள்.

சீக்ரெட்டில் தெரியும் பேஸ்64 வெறும் எழுத்து மாற்றம். என்கிரிப்‌ஷனைத் தனியாக இயக்க வேண்டும். இயக்கிய பிறகு பழைய சீக்ரெட்டுகளை ஒருமுறை திரும்ப எழுதினால்தான் அவையும் மாறும். உள்ளூர் கிளஸ்டருக்கு கிளவுட் கேஎம்எஸ்-ஐ (சாவி மேலாண்மைச் சேவை) வைத்தால், இணைப்பில்லாத நேரத்தில் ஏபிஐ சர்வர் மறுதொடக்கம் ஆகி ஒரு சீக்ரெட்டையும் படிக்க முடியாமல் நிற்கும். அங்கே உள்ளூர் சாவியால் பூட்டும் சீக்ரெட்பாக்ஸ் போதும், சாவி மேலே சொன்ன பூட்டிய வட்டிலேயே இருக்கட்டும்.

களவு ஒத்திகை

ஒரு நோடைக் கழற்றி மேசைமேல் வைத்து, களவு போனதாகவே எடுத்துக்கொண்டு கடிகாரத்தைப் பாருங்கள். முதலில் ஹப்பில் பியரை நீக்குங்கள். அடுத்து ஸ்பையரில் ஏஜென்ட்டை "பேன்" (தடை) செய்யுங்கள். "எவிக்ட்" (வெளியேற்றம்) மட்டும் செய்தால் அது மறுபடி சேர்ந்துகொள்ளலாம். பிறகு நோடையும் அதன் பாடுகளையும் வலிந்து நீக்குங்கள். பாடோடு கட்டிய டோக்கன்கள் அப்போது செத்துப்போகும். நோட் ஆப்ஜெக்ட்டை நீக்கியதோடு குபெலெட்டின் சான்றிதழ் ரத்தாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். குபர்நெட்டிஸ் கிளையன்ட் சான்றிதழுக்கு ரத்துப் பட்டியல் பார்ப்பதில்லை. ஏபிஐ சர்வரை எட்ட முடிந்தால் அதே சான்றிதழோடு நோடு திரும்பவும் பதிவாகும். கையொப்ப ஆயுளின் இயல்பு 1 வருடம். கன்ட்ரோலர் மேனேஜரில் (இந்தச் சான்றிதழ்களில் கையொப்பமிடும் கன்ட்ரோல் பிளேன் பகுதி) அதைச் சில நாட்களாகக் குறையுங்கள், குபெலெட் சான்றிதழ் சுழற்சி இயங்குகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியாக, முதலில் எழுதிய பட்டியலில் "வேறு நோடுகளிலும் இருக்கிறது" என்று குறித்த ஒவ்வொன்றையும் மாற்றுங்கள். நேரமெல்லாம் இங்கேதான் போகும்.

எல்லாம் முடிந்த பின் அந்தப் பெட்டிக்கு வேறு நெட்வொர்க்கில் மின்சாரம் கொடுங்கள். வட்டு திறக்கும், ஏனென்றால் டிபிஎம் அதனுள்ளேயே இருக்கிறது. டனல் எழக் கூடாது, ஸ்பையர் மறுக்க வேண்டும், அந்த மறுப்பு கிளவுட் லாக்கில் அந்தப் பெட்டியின் பெயரோடு வந்து விழ வேண்டும்.