ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வில் சைக்கிள் கேள்வி வந்தால்

ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் பேச்சுத் தேர்வு மொத்தமே 11 முதல் 14 நிமிடம், மூன்று பகுதிகள். சைக்கிள் கேள்வி பெரும்பாலும் முதல் பகுதியில் எட்டிப் பார்க்கும். சைக்கிள் இருக்கிறதா, சின்ன வயதில் ஓட்டினீர்களா, இனி வாங்குவீர்களா? கேட்கச் சப்பென்று இருக்கும். ஆனால் இன்று, அன்று, இனிமேல் என்று மூன்று காலத்தையும் தொட்டுவிடும். அதனால் சைக்கிள் விவரத்தை விட வினைச்சொல்லில்தான் கண் இருக்க வேண்டும்.

முதல் சறுக்கல் ‘ஐ ஆம் ஹேவிங் எ சைக்கிள்’. மனதில் ‘வைத்திருக்கிறேன்’ ஓடுவதால் வரும் வினை இது. ‘ஐ ஹேவ் எ பைக்’ போதும்; இங்கே பைக் என்றால் சைக்கிள். சைக்கிளே இல்லையென்றால் ‘நோ’ சொல்லி வாயை மூடிக்கொள்ளாதீர்கள். காரணத்தையும் இப்போதைய பழக்கத்தையும் சேருங்கள்: ‘நோ, ஐ டோன்ட். மை ஃபிளாட் இஸ் டூ ஸ்மால் ஃபார் ஒன், ஸோ ஐ ஜஸ்ட் ரென்ட் எ பைக் அட் ஈஸ்ட் கோஸ்ட் பார்க் நவ் அண்ட் தென்.’ முதல் பகுதிக்கு இரண்டு மூன்று வாக்கியம் சரியான அளவு.

சின்ன வயதுக் கேள்வியில்தான் மதிப்பெண் அதிகம் கசிகிறது. திரும்பத் திரும்பச் செய்ததற்கு ‘ஐ யூஸ்ட் டு ரைட் டு ஸ்கூல்’. ஒரே ஒரு முறை நடந்ததற்கு இது ஆகாது. ‘மை அங்கிள் டாட் மீ’, ‘ஐ ஃபெல் ஆஃப்’ என்று சாதாரண இறந்தகாலம். ‘ஐ ஆம் யூஸ்ட் டு ரைட்’ இரண்டிலும் சேராது. சிங்கப்பூர்க் கோப்பிக்கடையில் ‘ஐ லேர்ன் ஆல்ரெடி’ எல்லோருக்கும் புரியும். தேர்வறையில் அது இலக்கணப் பிழை. ஆசை கேட்டால்: ‘இஃப் ஐ ஹேட் மோர் ஸ்பேஸ், ஐ வுட் பை எ ஃபோல்டிங் பைக், பிகாஸ் ஐ குட் டேக் இட் ஆன் தி எம்ஆர்டி.’ (எம்ஆர்டி என்பது சிங்கப்பூரின் மெட்ரோ ரயில்.)

மதிப்பெண்ணில் உச்சரிப்புக்கு நான்கில் ஒரு பங்கு. ‘பை-சைக்கிள்’ வேண்டாம், ‘பைசிக்கிள்’. நடுவில் ‘சி’, அழுத்தம் ‘பை’யில். மோட்டார்சைக்கிளில் ‘சை’. வீல் என்று சொல்லும்போது மேல்பல் கீழுதட்டைத் தொடக் கூடாது, உதட்டைக் குவித்துத் தொடங்குங்கள்.

இரண்டாம் பகுதியில் பயணம், பொழுதுபோக்கு என்று அட்டை வந்தாலும் சைக்கிளைக் கொண்டுவரலாம். தயாரிக்க 1 நிமிடம், பேச 1 முதல் 2 நிமிடம். முழு வாக்கியமாக எழுதினால் இரண்டாவது வரியிலேயே நேரம் போய்விடும். புலாவ் ஊபின் தீவுக்குப் போன கதை என்றால் சாங்கி படகுத்துறை, பம்போட் (சிறு பயணப் படகு), வாடகைக் கடை, பிரேக், மேடு, சேறு என ஆறு சொல் போதும்; ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாக்கியம். 2 நிமிடத்தில் தேர்வாளர் நிறுத்தினால் பதற வேண்டாம், அதற்கு மதிப்பெண் குறையாது.

மூன்றாம் பகுதியில் கேள்வி உங்களை விட்டுச் சமூகத்துக்குப் போகும்: அரசாங்கம் சைக்கிள் பாதை போட வேண்டுமா? சிங்கப்பூரில் நடைபாதையில் சைக்கிளுக்கு வேக வரம்பு மணிக்கு 10 கிலோமீட்டர், சைக்கிள் பாதையில் 25. அடுக்குமாடி புளோக் அடியில் நடக்கும் முதியவர் ஒரு பக்கம், வேலைக்கு விரையும் தொழிலாளர் இன்னொரு பக்கம். இருவரையும் ‘வேர்ஆஸ்’ (மாறாக) போட்டு ஒப்பிட்டாலே பதில் நீளும். எண் நினைவில்லையா, விட்டுவிடுங்கள். சோதிப்பது மொழியை, போக்குவரத்து அறிவை அல்ல. ‘இன் திஸ் மாடர்ன் இரா’ என்று மனப்பாடத்தை அவிழ்த்தால் தேர்வாளருக்கு உடனே தெரியும். நடுவில் மறித்து வேறு கேள்விக்குத் தாவுவார்.

கேள்வி காதில் சரியாக விழாவிட்டால் ‘சாரி, குட் யூ சே தட் அகெய்ன்?’ என்று தாராளமாகக் கேட்கலாம். ஊகித்துக்கொண்டு மோட்டார்சைக்கிளைப் பற்றிப் பேசுவதற்கு அது எவ்வளவோ மேல்.