அக்காவின் ஜாஸ் இசைத்தட்டுகளை வைத்து ஒரு நினைவு மாலை நடத்துவது எப்படி

என் அக்காவுக்கு 1920களின் ஜாஸ் என்றால் உயிர். அவள் போன பிறகு அவளுடைய தட்டுகள் என் பொறுப்புக்கு வந்தன. உங்களுக்கும் அப்படி ஒரு அலமாரி வந்து சேர்ந்திருந்தால், முதல் வேலை ஒன்றையும் ஒழுங்குபடுத்தாமல் இருப்பது. எது எதன் பக்கத்தில் நின்றது என்பதும் அதை வைத்திருந்தவரின் ரசனைதான். முதலில் வரிசையைப் படம் எடுத்துவிடுங்கள்.

அப்புறம் உறைகளைப் பாருங்கள். கிங் ஆலிவர் என்ற ஜாஸ் கலைஞரின் குழு 1923இல் பதிவு செய்த தட்டு ஒன்றின் உறையில், அக்கா பென்சிலால் "பின்னால் நிற்கிறான் பாரு பொடியன்!" என்று எழுதியிருந்தாள். அந்தக் குழுவில் இரண்டாவது கார்னெட் (டிரம்பெட் போன்ற ஊதுகருவி) வாசித்தவர், பின்னாளில் ஜாஸின் பெரும் நட்சத்திரமான லூயி ஆம்ஸ்ட்ராங்; அப்போது அவருக்கு 21 வயது. உறை கிழிந்திருந்தால் புதியது போடுங்கள், பழையதையும் கூடவே வையுங்கள்.

பழைய 78 சுழற்சித் தட்டுகள் (நிமிடத்துக்கு 78 சுற்று) பெரும்பாலும் அரக்கால் ஆனவை. ஆல்கஹால் கலந்த எதைக் கொண்டும் துடைக்காதீர்கள், அரக்கு கரைந்துவிடும். மென்மையான உலர்ந்த பிரஷ் போதும். படுக்கப்போட்டு அடுக்காமல் நிற்க வையுங்கள். பின்னால் வந்த எல்பி (நீண்ட நேரம் ஓடும்) தட்டுகளின் ஊசியாலும் இவற்றை ஓட்டக்கூடாது. 78இன் பள்ளம் அகலமானது, அதற்கென்று தனி ஊசி உண்டு.

கணினியில் ஏற்றும்போது இரைச்சலை நீக்காத பிரதி ஒன்றைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். இரைச்சலை அதிகம் வழித்தால் கூடவே கிளாரினெட்டின் கூர்மையும் போய்விடும். அக்கா கேட்டதும் அந்தக் கரகரப்போடுதான்.

இனி அந்த மாலை. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஜாஸ் இறுதி ஊர்வலம் என்று ஒரு வழக்கம் உண்டு. இடுகாட்டுக்குப் போகும்வரை குழு மெதுவான துதிப்பாடல்களை வாசிக்கும். உடலுக்கு விடை கொடுத்ததும் வேகமான மெட்டுக்கு மாறும்; பின்னால் வருகிறவர்கள் கைக்குட்டையை வீசி ஆடுவார்கள். நாங்கள் அந்த வரிசையைத்தான் எடுத்துக்கொண்டோம்: முதலில் மெதுவானவை, பிறகு துள்ளல்.

78இன் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம்தான் ஓடும். ஆளுக்கு ஒரு பக்கம் தேர்ந்தெடுக்கட்டும்; ஓடி முடிந்ததும் அவர்களே பேசட்டும். ஓடும்போது யாரும் பேசக்கூடாது, இதில் கறாராக இருங்கள். ஜாஸ் வரலாறும் வேண்டாம். கேட்டுப் பழகாதவர்களிடம் ஒன்று மட்டும் சொல்லி வையுங்கள்: 1925இல் மின்முறைப் பதிவு வருவதற்கு முன் எல்லோரும் ஒலியைப் பிடிக்கும் ஒரு கொம்புக் குழலின் முன் நின்றுதான் வாசித்தார்கள், அதனால் டிரம்ஸ் சரியாகக் கேட்காது. சொல்லாவிட்டால் தட்டு கெட்டுப்போய்விட்டது என்று நினைப்பார்கள்.

போனவருக்குப் பிடிக்காததையும் ஒன்று சேருங்கள். 1930களில் நடனத்துக்கான ஜாஸ் வாசித்த பெரிய ஸ்விங் குழுக்கள் என்றாலே அக்காவுக்கு ஆகாது. பரிசாக வந்த ஸ்விங் தட்டு ஒன்றை ஓடவிட்டதும் அண்ணன் எழுந்து, அக்கா மூக்கைச் சுளித்துக்கொண்டு ஊசியைத் தூக்கப் போவதை அப்படியே நடித்துக் காட்டினான். அதுவரை இறுக்கமாக உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தோம்.

தட்டுகளைப் பங்கு போடுவதை அன்றைக்கே பேசாதீர்கள். பேசும்போது, ஓட்டிக் கேட்கப்போகிறவர் யார் என்று பாருங்கள். எங்கள் வீட்டில் அக்கா மகன் அந்த ஸ்விங் தட்டுகளை மட்டும்தான் கேட்டான். கொடுத்துவிட்டோம்.